சங்கத் தளத்தில் சில பக்கங்கள் உறுப்பினருக்கு மட்டும்: செலவு குறைந்த வழி என்ன?

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர் 180 பேர். மூன்று வருடம் முன்பு அக்கா மகன் வேர்ட்பிரஸில் ஒரு தளம் போட்டுத் தந்தான். அவன் இப்போது துபாயில். தளம் என் தலையில்.

தேன் விலை, பயிற்சி நாள், யாரிடம் வாங்கலாம் என்பதெல்லாம் ஊருக்கே தெரியட்டும். சில பக்கங்கள் மட்டும் உறுப்பினரைத் தாண்டிப் போகக் கூடாது. கூட்டக் குறிப்பு, போன் நம்பர், பயிற்சி வீடியோ, அப்புறம் யாருடைய பெட்டி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியல்.

இந்தப் பட்டியல்தான் தலைவலி. தை பிறந்தால் பெட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி ரப்பர் தோட்டங்களில் கொண்டு வைப்போம். இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் ஈ எடுக்கும். இரண்டு பேர் ஒரே தோட்டத்தில் போய் முட்டிக்கொள்ள வேண்டாமே என்று பட்டியல் போட்டோம். போன சீசனில் குலசேகரம் பக்கம் ஒருவருடைய பதினொரு பெட்டி, ஈயோடு சேர்த்துப் போய்விட்டது. "உங்க சைட்டைப் பாத்துத்தான் வந்திருப்பான்" என்று கூட்டத்தில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு இருக்கத்தான் செய்கிறது. திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். போதாதா?

இதற்கென்றே விற்கிற பிளகின்களையும் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) பார்த்தேன். எல்லாம் டாலரில், அதுவும் வருடா வருடம். டொமைன், ஹோஸ்டிங் போக எங்களிடம் வருடத்துக்கு 3,000 ரூபாய்தான் மிஞ்சும். வழி சொல்லுங்கள்.

ஒட்டுப்பால் · ஞாயிறு, இரவு 9.52

அந்த 3,000-க்கு ஒரு நாயை வாங்கித் தோட்டத்தில் கட்டுங்க அண்ணே. சைட்டும் பத்திரம், பெட்டியும் பத்திரம்.

மட்டிக்குலை · ஞாயிறு, இரவு 10.15

அவர் கிடக்கிறார், நீங்கள் கவலைப்படாதீர்கள் அண்ணே. வேர்ட்பிரஸிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது, காசு வேண்டாம். பக்கத்தைத் திருத்தும் இடத்தில் வலப்புறம் 'ஸ்டேட்டஸ்' என்று இருக்கும், பழைய பதிப்புகளில் 'விசிபிலிட்டி'. அதில் 'பாஸ்வேர்டு புரொடெக்டட்' கொடுத்து ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது. ஒருமுறை போட்டால் அந்த போனில் பத்து நாள் வரை திரும்பக் கேட்காது. பக்கத்திலேயே 'பிரைவேட்' என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது நிர்வாகிக்கும் எடிட்டருக்கும் மட்டும்தான் தெரியும், உறுப்பினருக்குத் தெரியாது. திங்கள்சந்தையில் என் டியூஷன் தளத்துக்கு முதல் வருடம் இதைத்தான் வைத்திருந்தேன்.

வடசேரிக்காரன் · திங்கள், காலை 6.30

தேன்பெட்டி சார், உங்கள் தளத்தை இப்போதுதான் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்கும் அந்தப் பெட்டி பூட்டு இல்லை, திரை. பக்கம் முழுவதும் முதலில் என் கணினிக்கு வந்துவிடுகிறது. அதன்மேல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துணியைப் போட்டு மூடுகிறது, அவ்வளவுதான். வலது பொத்தானை அழுத்தி 'வியூ சோர்ஸ்' போட்டால் தோட்டத்தின் பெயர், பெட்டி எண்ணிக்கை எல்லாம் வரிசையாக நிற்கிறது. பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கிறது. என்ன சொல் என்று உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். முதல் வேலையாக அந்தப் பக்கத்தை டிராஃப்டுக்கு மாற்றுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

தேன்பெட்டி · திங்கள், காலை 7.05

எடுத்துவிட்டேன் சார். கை நடுங்கிப்போச்சு. நீங்கள் அனுப்பிய சொல் சரிதான், அது எங்கள் அக்கா பெயர்.

வடசேரிக்காரன் · திங்கள், காலை 8.20

சரி, இப்போது நிதானமாகப் பேசலாம்.

சர்வர் ஆளைப் பார்த்து, ஆள் சரியென்றால்தான் பக்கத்தை அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் பூட்டு. அனுப்பிவிட்டு மூடுவது, நிறத்தை மாற்றி மறைப்பது, மெனுவில் இருந்து லிங்க்கை எடுத்துவிடுவது எதுவும் பூட்டு ஆகாது. ரோபாட்ஸ் கோப்பில் "இந்தப் பக்கம் வராதே" என்று கூகுளுக்கு எழுதி வைப்பதை மகா பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எந்த அலமாரியில் நகை இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டின மாதிரிதான்.

மட்டிக்குலை சொன்னது நிஜமான பூட்டு. ஆனால் 180 பேருக்கும் ஒரே சாவி. ஒருவர் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் யாரிடம் இருந்து போனது என்று தெரியாது. ஒருவரை நீக்கினால் எல்லாருக்கும் சாவி மாற்ற வேண்டும். கூட்டக் குறிப்புக்கு அது போதும், பட்டியலுக்குப் போதாது.

இதே பொதுச்சாவியை ஒரு முழுக் கோப்புறைக்கே போட வேண்டுமென்றால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'டைரக்டரி பிரைவசி' இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கூடக் கொடுக்கலாம். அது பிளகின் இல்லை, சர்வரே கேட்கும். அழகாக இருக்காது, பிரவுசரின் சாம்பல் நிறப் பெட்டிதான் வரும். பாஸ்வேர்டு மறந்தால் தானாக மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. இருபது பேருக்கு நல்லது. 180 பேருக்கு நீங்களே முழுநேர ஊழியர் ஆகிவிடுவீர்கள்.

ஆளுக்கு ஒரு சாவி, மறந்தால் அவரே மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமென்றால் உறுப்பினர் பிளகின்தான். அதற்கும் டாலர் கட்ட வேண்டியதில்லை. சிம்பிள் மெம்பர்ஷிப், பெய்டு மெம்பர்ஷிப்ஸ் புரோ இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. 'மெம்பர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, இன்ன பக்கத்தை இன்ன வகை ஆள்தான் பார்க்கலாம் என்று டிக் போட்டால் போதும். உங்களுக்கு முதலாவதையே சொல்வேன். பதிந்தவரை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே விடும்படி அதில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி. யாரிடம் இருந்து மறைக்கிறீர்கள்? திருடனிடம் இருந்தா, வியாபாரியிடம் இருந்தா, சந்தா கட்டாத உறுப்பினரிடம் இருந்தா? மூன்றுக்கும் மூன்று பூட்டு.

தூத்தூர் அலை · திங்கள், காலை 11.10

எங்கள் ஊரில் விசைப்படகுக்காரர்களும் இதே கதைதான். மீன் கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி சொந்தத் தம்பிக்குக்கூடப் போகாது.

ஒரு யோசனை. பாஸ்வேர்டே வேண்டாம், போனுக்கு ஓடிபி அனுப்பலாமே? பெரியவர்களுக்கு அதுதான் பழக்கம், பேங்க்கில் வருகிறதே.

வடசேரிக்காரன் · திங்கள், மதியம் 1.30

நல்ல யோசனைதான் தம்பி, சின்ன சங்கத்துக்குக் கட்டாது. இந்தியாவில் எஸ்எம்எஸ் ஓடிபி அனுப்ப தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். சங்கத்தைப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும், அனுப்பும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு எஸ்எம்எஸ்சுக்கும் காசு. மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்பினால் இந்த வம்பு இல்லை. ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்து போகும் மின்னஞ்சல் பாதி ஸ்பேமுக்குள் போய் விழும். டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மின்னஞ்சல் நிஜமாகவே உங்களுடையது என்று காட்டும் பதிவுகள்) இரண்டையும் சரியாக வைத்து, ப்ரெவோ மாதிரி ஒரு சேவை வழியாக அனுப்புங்கள். ஒரு நாளைக்கு 300 மின்னஞ்சல் வரை அதில் இலவசம். 180 பேருக்குத் தாராளம்.

மட்டிக்குலை · திங்கள், மாலை 4.45

பிளகின் போட்டதோடு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள் அண்ணே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது வருடம் நானும் பிளகினுக்கு மாறினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் ஒரு அம்மா போன் பண்ணி, "டீச்சர், என் பையன் லாகின் பண்ணாமலே வேறு ஒரு பிள்ளையோட மார்க் வருதே" என்கிறார். பார்த்தால் நிஜம். தளம் வேகமாக ஓட வேண்டும் என்று நான் ஹோஸ்டிங் வாங்கிய இடத்தில் கேஷ் என்ற பிரதி எடுக்கும் வசதியை அவர்களாகவே போட்டுவிட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை லாகின் செய்து பார்த்த பக்கத்தை அது பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வந்தவருக்கெல்லாம் அதையே நீட்டியிருக்கிறது. கேட்டதற்கு "மேடம், ஸ்பீடு பார்த்தீங்களா?" என்று பதில்.

உறுப்பினர் பக்கங்களைக் கேஷில் இருந்து விலக்கி வைக்க வேண்டும். லாகின் செய்தவருக்குக் கேஷே வேண்டாம் என்று வைக்கப் பெரும்பாலானவற்றில் ஒரு டிக் இருக்கும். தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டிருந்தால் அங்கேயும் பாருங்கள். போட்டபின் வேறொரு போனில், லாகின் இல்லாமல் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். நான் இப்போதும் மாதம் ஒருநாள் பார்க்கிறேன்.

வடசேரிக்காரன் · திங்கள், இரவு 7.00

மட்டிக்குலை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில்தான் பத்துக்கு எட்டுப் பேர் விழுகிறார்கள்.

பிளகின் பக்கத்தைத்தான் பூட்டுகிறது. பக்கத்துக்குள் நீங்கள் வைத்த பிடிஎஃபும் படமும் அப்லோட்ஸ் என்ற கோப்புறையில் வருடம், மாதம் வாரியாகத் திறந்து கிடக்கும். அதன் நேர் முகவரி தெரிந்தவர் லாகின் இல்லாமலே எடுத்துவிடலாம். தேன்பெட்டி சார், உங்கள் கூட்டக் குறிப்பு பிடிஎஃப் ஒன்றின் லிங்க்கை நகலெடுத்து, வெளியே வந்து, இன்காக்னிட்டோவில் ஒட்டிப் பாருங்கள்.

தேன்பெட்டி · திங்கள், இரவு 7.25

ஜம்மென்று திறக்கிறது சார்.

போதாக்குறைக்கு அந்த நோட்ஸ் கடைசியில் செயற்குழுவில் இருப்பவர்களின் வீட்டு முகவரியும் இருக்கிறது.

ஒட்டுப்பால் · திங்கள், இரவு 7.40

முன்வாசலுக்கு ஏழு லிவர் பூட்டு, அடுக்களை வாசலுக்குக் கொண்டியும் இல்லை. எங்கள் பழைய வீடும் இப்படித்தான்.

வடசேரிக்காரன் · திங்கள், இரவு 8.30

அதேதான். மூடுவதற்கு வழி உண்டு. கோப்புறையை எச்டிஆக்சஸ் என்ற சர்வர் கட்டளைக் கோப்பால் அடைத்து, கேட்பவர் உறுப்பினரா என்று பார்த்த பிறகு பிஎச்பி வழியாகக் கோப்பைக் கொடுக்கலாம். அதைச் செய்யும் பிளகின்களும் இருக்கின்றன. ஆனால் எச்டிஆக்சஸை சர்வர் மென்பொருள்களில் அப்பாச்சியும் லைட்ஸ்பீடும்தான் மதிக்கும். உங்கள் ஹோஸ்டிங் எஞ்ஜின்எக்ஸ் என்றால் அந்தக் கோப்பு சும்மா கிடக்கும், நீங்கள் பூட்டியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் சொல்வது அதைவிடச் சோம்பேறி வழி. பிடிஎஃபே வேண்டாம். கூட்டக் குறிப்பைப் பக்கமாகவே தட்டச்சு செய்து போடுங்கள். எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும், பிளகின் அதைப் பூட்டும். போனில் படிப்பவருக்கும் அதுதான் வசதி. பிடிஎஃபை விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. வேர்ட்பிரஸ் இதே எழுத்தை வேறு வாசல் வழியாகவும் வெளியே கொடுக்கும். புதுப் பதிவுகளை அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடை, மற்ற மென்பொருள்கள் தகவல் எடுக்கும் ரெஸ்ட் ஏபிஐ, தளத்துக்குள் தேடும்போது வரும் இரண்டு வரிச் சுருக்கம். நல்ல பிளகின் இதையும் அடைக்கும். அடைத்ததா என்று வெளியில் இருந்து தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒட்டுப்பால் · திங்கள், இரவு 8.41

ஆர்எஸ்எஸ் என்றதும் ஓடி வந்தேன். எனக்குத் தெரிந்த ஆர்எஸ்எஸ் நாலாம் தர ரப்பர் ஷீட்தான். அதற்கு இன்றைக்கு என்ன விலை என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

களியல் பெரியவர் · செவ்வாய், காலை 5.50

நானும் ஈ வளர்ப்பவன்தான், நாற்பது வருடமாக. தம்பி தேன்பெட்டி, பட்டியலைப் பூட்டு, போன் நம்பரைப் பூட்டு, ஒரு சொல் சொல்ல மாட்டேன். பயிற்சி வீடியோவை எதற்குப் பூட்டுகிறாய்?

1991, 92-ல் தாய் சாக்புரூட் என்று ஒரு நோய் வந்தது. அடையைத் தூக்கிப் பார்த்தால் புழுவெல்லாம் தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்துக் கிடக்கும். பெட்டிகள் வரிசையாகக் காலியாயின. அப்போது எங்கள் தெருவில் மட்டும் இருபது பேர் தொழிலை விட்டார்கள். பிழைத்த கூட்டம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் மறுபடி பெருக்கினோம். என்ன செய்தாய், எப்படிப் பிரித்தாய் என்று ஒருத்தன் இன்னொருத்தனுக்கு மறைக்கவில்லை. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ வழியாக இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தாரே, அதுவும் ஊர் பார்க்கத்தான். உன் வீடியோவைப் பார்த்து வேர்க்கிளம்பியில் ஒரு பெண் நாலு பெட்டி வைத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

தேன்பெட்டி · செவ்வாய், காலை 7.15

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது நியாயம். சந்தா கட்டுகிறவருக்கு ஏதாவது தனியாகக் கொடுக்க வேண்டுமே என்றுதான் அதைப் பூட்ட நினைத்தோம். வருடச் சந்தா 500 ரூபாய். "கட்டி என்ன கிடைக்குது?" என்று கேட்கிறார்கள்.

மட்டிக்குலை · செவ்வாய், காலை 9.30

அண்ணாச்சி சொன்னது காசுக்கும் நல்லது. வீடியோவைப் பூட்டுவதுதான் இருப்பதிலேயே செலவு. சொந்த ஹோஸ்டிங்கில் ஏற்றினால் இடமும் வேகமும் திணறும். யூடியூபில் 'அன்லிஸ்டட்' போட்டால் அது பூட்டே கிடையாது, லிங்க் கிடைத்தவர் எல்லாம் பார்க்கலாம். 'பிரைவேட்' போட்டால் ஜிமெயில் முகவரி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். உங்கள் தளத்தில் மட்டும் ஓடும்படி வீடியோ வைக்கும் சேவைக்கு மாதக் கட்டணம். பேசாமல் யூடியூபில் எல்லாருக்கும் போடுங்கள், சங்கத்துக்குப் பெயராவது கிடைக்கும்.

தூத்தூர் அலை · செவ்வாய், காலை 10.20

சந்தாவைத் தளத்திலேயே வாங்கலாமா? கட்டிய உடனே தானாகத் திறக்கிற மாதிரி?

வடசேரிக்காரன் · செவ்வாய், மதியம் 12.15

முடியும். பேமெண்ட் கேட்வே பெரும்பாலும் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும். 500 ரூபாய்க்கு 11 ரூபாய் 80 காசு. 180 பேருக்கு 2,124 ரூபாய். அவர் கையில் இருப்பதே 3,000. பொருளாளரின் யுபிஐ கியூஆரைக் காட்டி வாங்கி, அவர் பட்டியலைப் பார்த்து டிக் போட்டால் செலவு ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலைக்கு இயந்திரம் எதற்கு?

வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொரு தள மென்பொருளான கோஸ்ட் பற்றியும் யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் சோர்ஸ், உறுப்பினர் வசதி அதிலேயே இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லாமல் மின்னஞ்சலுக்கு லிங்க் அனுப்பி உள்ளே விடும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் தனி சர்வர் பங்கு) ஒன்றாவது வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். பணம் வாங்க அது ஸ்ட்ரைப் என்ற பேமெண்ட் சேவையை நம்பி இருக்கிறது, ஸ்ட்ரைப் 2024-ல் இருந்து இந்தியாவில் அழைப்பு வந்தால்தான் கணக்குத் தருகிறது. பத்திரிகை நடத்துகிறவருக்கு யோசிக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

தூத்தூர் அலை · செவ்வாய், மாலை 6.10

அப்படியென்றால் கூகுள் சைட்ஸ்? முழுதும் இலவசம். குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் என்று வெளியிடலாம். 180 பேரையும் ஒரு கூகுள் குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஆள் வந்தால் குரூப்பில் சேர், போனால் நீக்கு. கேஷ், பிளகின், அப்லோட்ஸ் ஓட்டை எதுவும் உங்கள் பாடு கிடையாது. டிரைவில் இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் தனியாக அதே குரூப்பைச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் ஜிமெயில் இருக்கும்தானே.

வடசேரிக்காரன் · செவ்வாய், மாலை 6.40

இது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். நல்ல வழி. முயன்று பாருங்கள் சார்.

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 8.15

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்றைக்குக் கூட்டம் இருந்தது, அதில் ஜிமெயில் முகவரி சேகரிக்க உட்கார்ந்தேன்.

யாருக்கும் தன் முகவரி தெரியாது. சரி, போனைத் தாருங்கள் என்று வாங்கி நானே பார்த்து எழுதினேன். ஒன்பதாவது போனில் வந்த முகவரி ஏற்கெனவே எழுதின மாதிரி இருந்தது. பன்னிரண்டாவதிலும் அதே. எல்லாரும் ஒரே செல்போன் கடையில் வாங்கியிருக்கிறார்கள். கடைப் பையன் ஒவ்வொருவருக்கும் புதுக் கணக்குத் தொடங்கச் சோம்பல்பட்டு, கடையின் கணக்கையே எல்லா போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். வந்தவர்களில் பதினான்கு பேருக்கு அப்படி. அவர்களுடைய போட்டோவும் காண்டாக்டும் எல்லாம் எங்கே போய்ச் சேர்கிறதோ. அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுத்தால் பட்டியலைக் கடைக்கே கொடுத்த மாதிரி.

தூத்தூர் அலை · ஞாயிறு, இரவு 8.30

ஐயோ. சங்கத்தை விடுங்கள், அந்தப் பதினான்கு பேரின் போனை முதலில் சரிசெய்யுங்கள்.

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 8.50

அடுத்த ஞாயிறு அதற்கென்றே வரச்சொல்லியிருக்கிறேன். சைட்ஸை விட்டுவிட்டு, சிம்பிள் மெம்பர்ஷிப் போட்டுவிட்டேன். உறுப்பினர் எண்தான் பெயர். பாஸ்வேர்டு நானே உண்டாக்கி ஆளுக்கு ஒரு சீட்டு. பிறந்த வருடத்தையே பாஸ்வேர்டாக வைக்கலாம் என்று பொருளாளர் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் எல்லார் வயதும் தெரியும் என்பதால் வேண்டாம் என்றேன். கூட்டக் குறிப்புகளை எல்லாம் பக்கமாக மாற்றிவிட்டேன், பழைய பிடிஎஃப்களை அழித்தாகிவிட்டது. வீடியோ எல்லாருக்கும்.

பட்டியல்தான் மிச்சம். பூட்டிய பக்கத்தில் போடலாம்தானே?

வடசேரிக்காரன் · ஞாயிறு, இரவு 9.30

போடலாம், ஆனால் போட வேண்டாம். 180 பேர் பார்க்கும் ரகசியம் ரகசியமே இல்லை சார். தன் பெட்டி எங்கே என்று அவரவருக்குத் தெரியும். யாரும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள முழுப் பட்டியலும் யாருக்குத் தேவை?

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 9.38

செயற்குழு ஒன்பது பேருக்கு.

வடசேரிக்காரன் · ஞாயிறு, இரவு 9.55

அப்போது ஒன்பது பேருக்கு மட்டும் ஒரு கூகுள் ஷீட். ஒன்பது பேருக்கும் சொந்த ஜிமெயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளத்திலேயே வேண்டுமென்றால் கிளவுட்ஃபிளேர் ஆக்சஸ் இருக்கிறது. 50 பேர் வரை இலவசம். டொமைனின் நேம்சர்வரை அவர்களுடையதாக மாற்ற வேண்டும். நீங்கள் சொன்ன பக்கத்துக்கு முன்னால் அது நின்றுகொண்டு, மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பிக் கேட்கும். உங்களுக்கு ஷீட்டே போதும்.

பழைய பக்கம் கூகுள் தேடலில் இன்னும் வருகிறதா என்றும் பாருங்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் நீக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆறு மாதம் வரை மறைத்து வைக்கும். அதற்குள் பக்கமே இல்லாமல் போயிருந்தால் தானாக உதிர்ந்துவிடும்.

போன் நம்பர் பட்டியல் போடும் முன் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். பெண் உறுப்பினர்களின் நம்பரைக் கேட்காமல் போடுவது சரியில்லை என்பது இன்னொரு பக்கம்.

மட்டிக்குலை · ஞாயிறு, இரவு 10.20

அண்ணே, ஒன்று கேட்கட்டுமா? பொதுப் பக்கத்தில் 'எங்கள் தோட்டங்கள்' என்று ஒரு போட்டோ வரிசை இருக்கிறதே, ரப்பர் மரத்தடியில் பெட்டி வைத்த படங்கள். அவை யார் எடுத்தது? போனில் எடுத்ததை நேராக ஏற்றினீர்களா?

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 10.31

ஆமாம் அக்கா. தோட்டத்தில் நின்றே ஏற்றினேன். சிலதை மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஏன்?

மட்டிக்குலை · ஞாயிறு, இரவு 11.05

கேமராவில் லொக்கேஷன் போட்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் அது இருக்காது, டாக்குமெண்டாக வந்ததில் அப்படியே இருக்கும். வேர்ட்பிரஸ் பக்கத்தில் காட்டுவது சின்னதாக்கிய பிரதி. அதில் இடக்குறிப்பு போயிருக்கலாம், சில சர்வர்களில் போகாமலும் இருக்கும். எப்படியானாலும் நீங்கள் ஏற்றிய மூலப் படம் அதே கோப்புறையில்தான் இருக்கும். படத்தின் முகவரியில் கோப்பின் பெயர் முடிகிற இடத்தில் 'ஸ்கேல்டு' என்று ஒட்டியிருக்கும். அதையும் அதற்கு முன்னால் உள்ள சின்னக் கோட்டையும் (-) அழித்துவிட்டுத் திறந்தேன்.

மூன்றாவது படத்தில் நீலப் பெட்டிகள் நிற்கின்றன. அதன் புள்ளியை வரைபடத்தில் போட்டால் குலசேகரத்தைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் போய் நிற்கிறது. ஓடை ஒன்று பக்கத்தில் போகிறது. மேற்கொண்டு இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தேன்பெட்டி · ஞாயிறு, இரவு 11.40

அந்த நீலப் பெட்டிகள்தான் போனவை.

படம் தை கடைசியில் ஏற்றியது. பெட்டி போனது மாசி நடுவில். திருடன் இதைப் பார்த்தானா, தோட்டத்தில் பால் வெட்ட வந்த யாரையாவது கேட்டு வந்தானா, யார் கண்டது. படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். பெட்டிக்காரரிடம் நாளை நேரில் போய்ச் சொல்லப்போகிறேன்.

வடசேரிக்காரன் · திங்கள், காலை 6.10

மட்டிக்குலை, பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதை நான் யோசிக்கவே இல்லை.

சார், படங்களை மீடியா பகுதிக்குள் போய் நிரந்தரமாக அழித்தீர்களா? பக்கத்தில் இருந்து எடுத்தால் மட்டும் கோப்பு போகாது. தளத்தின் பேக்கப் ஜிப் ஏதாவது பொதுக் கோப்புறையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள், அக்கா மகன் எங்காவது வைத்திருப்பான்.

தேன்பெட்டி · வெள்ளி, இரவு 9.00

மீடியாவிலேயே அழித்தேன். பேக்கப்பும் இருந்தது சார், நீங்கள் சொன்ன இடத்திலேயே. அதுவும் போயாச்சு. போனில் கேமரா லொக்கேஷனை நிறுத்திவிட்டேன், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

பெட்டிக்காரர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக்காப்பி கொடுத்துவிட்டு, "அந்தப் போட்டோவை நான்தான் போடச் சொன்னேன்" என்றார். எனக்கு அது நினைவே இல்லை.

இதுவரை ஆன செலவு: பிளகின் இலவசம், மின்னஞ்சல் இலவசம், பாஸ்வேர்டு சீட்டு அச்சடித்ததற்கு 220 ரூபாய். 180-ல் 61 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் சீட்டு தொலைந்துவிடும் என்று தன் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பாஸ்வேர்டைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்.

ஒட்டுப்பால் · வெள்ளி, இரவு 9.12

மூடியைத் திறந்தால் ஈ கொட்டும். அதைவிட நல்ல பூட்டை வடசேரி அண்ணனே இதுவரை சொல்லவில்லை.

மட்டிக்குலை · வெள்ளி, இரவு 9.30

மீதி 119 பேருக்கு அடுத்த ஞாயிறு கூட்டத்திலேயே லாகின் பண்ணிக் கொடுத்துவிடுங்கள் அண்ணே. வீட்டுக்குப் போனால் சீட்டை எடுக்க மாட்டார்கள்.